‘போய் வாருங்கள்’ பலகையைக் கழற்ற வேண்டாம்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் நலமும் உங்கள் முழங்காலின் நலமும் அறிய ஆவல். இங்கே நானும் அம்மாவும் நலம். அப்பா மிக நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் வடிவமைத்த ரயில் நிலையத்தின் வாசலில், ‘வெளியேறு’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘போய் வாருங்கள்’ என்று எழுதியிருப்பதைப் பற்றி யாரோ விடாமல் புகார் சொல்கிறார்களாம், பலகையைக் கழற்றப்போகிறார்களாம். அம்மா சொன்னாள். கழற்ற விடாதீர்கள். ஆபீஸில் அப்பாவை ‘நாளை முதல் வர வேண்டாம்’ என்று அனுப்பிய நாளிலிருந்து அவர் தெருவில் கால் வைக்கவில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டார். அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. எனக்குப் பல்வலி, ரயிலேறி டாக்டரிடம் போகத் துணைக்கு வாருங்கள் என்று பொய் சொல்லி உங்கள் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். கண் கூசாத வெளிச்சம், எழும்போது தாங்கிக்கொள்ளும் கைப்பிடி வைத்த பெஞ்சு, காதைக் குடையாத ஒலிபெருக்கி. அப்பா சும்மா உட்கார்ந்திருந்தார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். எழுந்து வாசலுக்கு வந்தவர் பலகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பலகையின் இரண்டு பக்கமும் அதையே எழுதியிருக்கிறது, அத்தை. உள்ளே இருந்தவர்கள் ‘போய்’ என்பதைப் படித்து வெளியே வர, தெருவிலிருந்தவர்கள் ‘வாருங்கள்’ என்பதைப் படித்து உள்ளே வர, நடுவில் அப்பா, அப்பாவுக்குப் பின்னால் நான், என் பையில் சிக்கியது யாருடைய குடைக்கம்பியோ. என் ஒற்றைச் செருப்பு கூட்டத்தோடு போயே விட்டது.

“யோவ் பெரியவரே, போறீங்களா வர்றீங்களா?” என்று கத்தினார் தலையில் மூட்டையோடு ஒருவர்.

“அதான் எழுதியிருக்கேப்பா, ரெண்டும்னு,” என்றார் அப்பா.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் அடித்த முதல் ஜோக். ஒற்றைச் செருப்போடு நின்று சிரித்தேன், அழுதேன். மறுநாள் காலை அவரே சட்டை மாட்டிக்கொண்டு, “ஸ்டேஷன் வரைக்கும் போய்ட்டு வரேன்,” என்றார். அன்று முதல் தினமும் போகிறார். உப்புப் புகாரும் திரும்பிவிட்டது. அம்மா சந்தோஷமாகச் சண்டை போடுகிறாள். ‘வர வேண்டாம்’ என்பதைக் கேட்ட மனிதருக்கு ‘வாருங்கள்’ என்ற ஒரு சொல் மருந்தாகிவிட்டது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்?

மாமாவுக்கு வணக்கங்கள், குட்டிகளுக்கு முத்தங்கள்.

உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: உறையை ஒட்டும் முன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “யாரோ இல்லம்மா, நான்தான்,” என்றார். புகார் சொல்லத்தான் தினமும் போகிறாராம். “உங்க தங்கச்சி எழுதினதுப்பா,” என்றேன். “அதுக்காக? ஜனங்க முட்டிக்கிறாங்கல்ல?” விசாரணை ஜன்னலில் இருக்கும் பெண் தினமும் “நாளைக்கு வாங்க சார்” என்று அனுப்புகிறாளாம். ஆகவே அத்தை, பலகையை உங்கள் இஷ்டப்படி என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அந்தப் பெண்ணை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.