சர்வேயர் போட்ட கோடு

மனைவியைத் தடுப்பதில்லை என்று சர்வேயர் முடிவு செய்தார்.

தடுப்பதெல்லாம் அந்தக் காலத்து ஆட்களின் வேலை. இவர் முற்போக்கு. நில அளவை அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்து வருடமாகப் பெண் விடுதலை பேசிவருபவர். அவர் பேசி முடிப்பதற்குள் தலைமை எழுத்தர் இரண்டு தடவை தூங்கி எழுந்துவிடுவார். அப்படிப்பட்டவர் வீட்டில், 'நீ ராணுவத்துக்கு நர்சாகப் போகக் கூடாது' என்று சொல்லிவிட்டு, மறுநாள் எந்த முகத்தோடு டிபன் பாக்ஸைத் திறப்பது? அந்த டிபன் பாக்ஸைக் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து நிரப்புவது யார் என்ற கேள்வியைப் பெண் விடுதலையோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை.

ஆகவே தடுப்பதில்லை. அவளே போய்த் தோற்றுவிட்டு வரட்டும். வந்ததும் ஆறுதல் சொல்லலாம். ஆறுதல் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மனைவியைத் தெரு முழுக்க 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடும். அந்த உறவில் சேர முடியாத ஒரே ஆண் சர்வேயர். பன்னிரண்டு வருடமாக ஒரு தனியார் மருத்துவமனையில் ஆண்கள் வார்டைக் கட்டி மேய்ப்பவள் அவள். ஊசியைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்ட லாரி டிரைவரை, குனிந்து ஒரு பார்வை பார்த்தே வெளியே கொண்டுவந்தவள். அவள்தான் ஒரு நாள் பேப்பரில் வந்த விளம்பரத்தைக் கத்தரித்து அவர் டீ டம்ளருக்குக் கீழே வைத்தாள். ராணுவ மருத்துவமனைகளுக்குச் செவிலியர் தேவை. தேர்வானால் அதிகாரி அந்தஸ்து, தோளில் நட்சத்திரம். வயது முப்பத்தாறுக்குள் இருக்க வேண்டும்.

அவளுக்கு முப்பத்தாறு பிறக்க நான்கு மாதம்தான் இருந்தது. இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது.

"பன்னண்டு வருஷமா பெரிய டாக்டர் என்னை 'ஏம்மா'ன்னுதான் கூப்பிடறார்" என்றாள். "எனக்குன்னு ஒரு பேர் இருக்கறது அவருக்குத் தெரியுமான்னே சந்தேகம். அங்க போனா எதிர்ல வர்றவன் நின்னு சல்யூட் அடிப்பான். ஒரு தடவையாவது அதைப் பார்த்துடணுங்க."

வீட்டில் ஏற்கெனவே அவள்தான் தளபதி. அதை அரசாங்கம் வேறு முத்திரை குத்தி உறுதிப்படுத்த வேண்டுமா என்று சர்வேயருக்குத் தோன்றியது. வெளியில், "தாராளமா போடு" என்றார். விண்ணப்பத்தை முத்து முத்தான கையெழுத்தில் அவரே நிரப்பினார். அத்தனை உற்சாகத்துக்கும் காரணம் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. உடல் தகுதித் தேர்வு: இரண்டு கிலோமீட்டர் ஓட்டம், பதினான்கு நிமிடத்துக்குள்.

கல்யாணமான பதினான்கு வருடத்தில் அவள் ஓடி அவர் பார்த்தது ஒரே ஒரு தடவை. பால் பொங்கியபோது, ஹாலிலிருந்து அடுப்படி வரைக்கும். அன்று ஜெயித்தது பால்தான்.

தேர்வுக்குப் பத்து வாரம் இருந்தது. தினமும் காலையில் ஓடிப் பழகப்போவதாக அவள் சொன்னாள். பயிற்சியாளர் பொறுப்பை சர்வேயர் ஏற்றுக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, அவராகவே. செல்போனே தூரத்தைக் காட்டுமே என்றாள் எட்டாம் வகுப்பு படிக்கும் மகள். சர்வேயர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். வானத்திலிருந்து குத்துமதிப்பாகச் சொல்வதற்குப் பெயர் அளவா? அளவு என்றால் தரையைத் தொட வேண்டும்.

இந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வீட்டுக்காரர்கள் வேலித் தகராறில் மண்வெட்டியோடு நிற்கும்போது அவர் போய், 'பதினெட்டு மீட்டர் எழுபத்து நாலு சென்டிமீட்டர்' என்று சொன்னால் மண்வெட்டிகள் தாமாகக் கீழே இறங்கிவிடும். வழிப்போக்கன் பஸ் ஸ்டாப் எங்கே என்று கேட்டால்கூட, 'நூத்தி எண்பத்தாறு மீட்டர், நாற்பது சென்டிமீட்டர்' என்பார். கேட்டவன் நடந்தே ஊருக்குப் போய்விடலாமா என்று யோசிப்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அலுவலகத்து அளவுச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நீளக் கம்பின் நுனியில் ஒரு சக்கரம், பக்கத்தில் மீட்டர் காட்டும் ஒரு சின்னப் பெட்டி. வீட்டு வாசலில் தொடங்கி, தண்ணீர் டேங்கைச் சுற்றி, தையல் கடையைத் தாண்டி உருட்டிக்கொண்டே போனார். இஸ்திரிக் கடை வாசலில் பெட்டி இரண்டாயிரம் என்றது. இஸ்திரிக்காரம்மா நிமிர்ந்து பார்த்து, "என்ன சார், ரோட்டை விக்கப் போறாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சிரித்துவைத்தார். சக்கரம் நின்றது. சர்வேயர் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். பிறகு இன்னும் உருட்டினார். பேக்கரி போயிற்று. மரக்கடை போயிற்று. பள்ளிக்கூடச் சுவர் முடியும் இடத்தில் நின்று, கையோடு கொண்டுபோயிருந்த வெள்ளைப் பெயின்டில் ரோட்டோரம் ஒரு கோடு போட்டார்.

மனசாட்சி கொஞ்சம் முனகியது. ஓடினால் உடம்புக்கு நல்லதுதானே, கூடக் கொஞ்சம் ஓடினால் இன்னும் நல்லது என்று அதன் தலையில் தட்டித் தூங்க வைத்தார்.

வீட்டுக்கு வந்து, "அளந்தாச்சு. கரெக்டா ரெண்டு கிலோமீட்டர்" என்றார்.

தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "கரெக்டாவா?"

"கரெக்டா."

ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள். "சரிங்க" என்றாள். அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. இதல்லவா தாம்பத்தியம் என்று சர்வேயருக்கு நெஞ்சு விம்மியது.

முதல் நாள் மகள் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றாள், நாடி பார்ப்பதற்காக அம்மா கட்டும் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு. அம்மா வந்து சேர இருபத்திரண்டு நிமிடம் நாற்பது வினாடி ஆயிற்று. வந்தவள் பள்ளிக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள்.

சர்வேயர் அதைக் கேட்டார். எழுந்து போய் டீ போட்டார்.

திட்டத்தில் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரு சமாச்சாரம் இருந்தது. குற்றம் செய்கிற தைரியம் அவருக்கு இருந்தது. செய்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிற தைரியம் இல்லை. மறுநாள் அவள் காலை நீட்டி, ஆடுசதையை அமுக்கிக்கொண்டு, என்னால் முடியாது போலிருக்கிறது என்றாள். சர்வேயர் காய் நறுக்க உட்கார்ந்தார். மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்தாள். அவர் பாத்திரம் தேய்த்தார். பயிற்சியில் இருப்பவர்கள் அடுப்படியில் நிற்கக் கூடாது என்று எங்கோ படித்ததாக அறிவித்தார். எங்கும் படிக்கவில்லை. அப்படி ஒன்றை எழுதிவைக்கிற அளவுக்கு உலகம் இன்னும் திருந்தவில்லை.

இரண்டாம் வாரம் அவர் வடித்த சோற்றைச் சுவரில் பூசியிருந்தால் வீடு மழைக்குத் தாங்கியிருக்கும். மூன்றாம் வாரம் தொழில் கைகொடுத்தது. ஸ்கேலை எடுத்துவந்து, அரிசிக்கு மேல் தண்ணீர் இரண்டு சென்டிமீட்டர் நாலு மில்லிமீட்டர் என்று கண்டுபிடித்தார். நான்காம் வாரம் அவள் ஒரு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். துணி துவைப்பதும் இஸ்திரிக் கடைக்குப் போய் வருவதும் அவர் தலையில் விழுந்தன. ஐந்தாம் வாரம் மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு முதல் தடவையாகப் போனார். மகள் எந்தப் பிரிவு என்று வாட்ச்மேனிடம் விசாரித்துக்கொண்டு போனார் என்பதை இங்கே பெரிதுபடுத்த வேண்டாம்.

அலுவலகத்தில் அவருடைய டிபன் பாக்ஸ் மேஜை மேஜையாகப் போய்க் காலியாகத் திரும்பியது. தலைமை எழுத்தர் அவர் பேச்சை முதல் முறையாகத் தூங்காமல் கேட்டார்.

ஆறாம் வாரம் அவள் கோட்டைத் தொட எடுத்துக்கொண்டது பதினாறு நிமிடம் இருபது வினாடி. இன்னும் இரண்டு நிமிடத்துக்கு மேல் இருக்கிறதே என்று சர்வேயர் நிம்மதியாக அலுவலகம் போனார். சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் ஒரு பழைய பைலின் முதுகில் கணக்குப் போட்டார். அவள் ஓடுகிற தூரம் இவ்வளவு, எடுக்கிற நேரம் இவ்வளவு, அப்படியானால் உண்மையான இரண்டு கிலோமீட்டருக்கு எவ்வளவு?

பதின்மூன்று நிமிடம் பதினாறு வினாடி.

அவள் ஏற்கெனவே பாஸ். உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவர். தோற்கடிக்க என்று கோட்டைத் தள்ளிப் போட்டு, ஆறு வாரமாக அவளை ஜெயிக்கத் தயார் செய்துகொண்டிருக்கிறார், டீயும் போட்டுக் கொடுத்து.

அன்று சாயந்திரம் மெல்ல ஆரம்பித்தார். உடம்பைப் போட்டு வருத்திக்கொள்கிறாயே, ஒரு வாரம் ஓய்வு எடுத்தால் என்ன என்றார்.

"ஓய்வா? இன்னும் ரெண்டு நிமிஷம் இருபது செகண்ட் குறைக்கணும். எனக்கு இதை விட்டா வேற சான்ஸ் இல்லைங்க." அவள் குரல் உடைந்தது. "நாளையிலேர்ந்து காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை ஓடப் போறேன்."

நீ குறைக்க வேண்டியது ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அவள் நின்றுவிடுவாள். ஆனால் அதை எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தால் வெள்ளைக் கோடு வெளியே வந்துவிடும். சர்வேயர் எழுந்து போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி கழுவினார்.

தேர்வு நாளன்று மைதானத்தின் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானூறு மீட்டர் பாதை, ஐந்து சுற்று. வரிசையில் நின்றவர்களெல்லாம் இருபத்து நாலு, இருபத்தைந்து வயதுப் பெண்கள். கால்கள் கழுத்திலிருந்தே தொடங்குவதுபோல உயரம். நடுவில் அவருடைய மனைவி, மகளின் பழைய டி-ஷர்ட்டில். விசில் ஊதியதும் அந்தப் பெண்கள் பறந்தார்கள். மூன்றாம் சுற்றில் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். சிஸ்டர் வார்டில் மருந்து வண்டி தள்ளுகிற நிதானத்தோடு ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனாள். பன்னிரண்டு நிமிடம் முப்பத்தெட்டு வினாடி.

அதோடு நின்றாளா என்றால் இல்லை. முடிவுக் கோட்டைத் தாண்டி அப்படியே ஓடிக்கொண்டிருந்தாள். கடிகாரம் வைத்திருந்த அதிகாரி, போதும் போதும் என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிப்போய் நிறுத்தினார். பழக்க தோஷம் என்று அவரிடம் சொன்னாளாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் சர்வேயர் ஆச்சரியப்பட்டுக் காட்டினார். வீட்டில் ஒரு நாள்கூடப் பதினஞ்சரைக்குக் கீழே வரவில்லையே, மைதானத்தில் தரை சமமாக இருக்கும், அதனால்தானோ என்றார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாயிரத்து நானூத்து அறுபத்து ரெண்டு மீட்டர்" என்றாள். "முப்பது சென்டிமீட்டர்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சர்வேயர் ஏறவில்லை.

"எப்பத் தெரியும்?" என்றார்.

"நீங்க அளந்துட்டு வந்து நின்ன அன்னிக்கே. பஸ் ஸ்டாப்புக்கே நாப்பது சென்டிமீட்டர் வால் வெக்கிற மனுஷன், அன்னிக்கு மொட்டையா ரெண்டு கிலோமீட்டர்னீங்க. நீங்க முடி வெட்டிக்கப் போன நேரத்துல சக்கரத்தை எடுத்துட்டுப் போய் நானும் உருட்டிப் பார்த்தேன். ரெண்டு கிலோமீட்டர் இஸ்திரிக் கடையிலேயே முடிஞ்சுடுது. அன்னிலேர்ந்து அந்தக் கடைக் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் தாண்டறேன்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா கோட்டை சரியான இடத்துல போட்டிருப்பீங்க. நானும் அந்த அளவோட நின்னிருப்பேன்."

கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். சர்வேயர் ஒரே டிக்கெட் எடுத்தார். அவள் நினைவுபடுத்திய பிறகு இன்னொன்று எடுத்தார்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது. ஆறு மாதம் பயிற்சி, பிறகு எங்கே போடுகிறார்களோ அங்கே. தெரு முழுக்க வந்து கை குலுக்கிவிட்டுப் போனது. பெரிய டாக்டரும் போன் செய்து, ஏம்மா, நிஜமாகவா என்று கேட்டார். மகள் கண்ணாடி முன்னால் நின்று அம்மாவுக்குப் பதிலாகச் சல்யூட் பழகிக்கொண்டிருந்தாள்.

சர்வேயர் அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துண்டும் ஒரே நீளம். அவள் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஏதாவது சொல்லுங்களேன் என்றாள்.

கத்தியைக் கீழே வைத்தார். முற்போக்கு, அலுவலகம், தலைமை எழுத்தர் எல்லாம் எங்கேயோ போயிருந்தன.

"போகாதே" என்றார். "நீ இல்லாத வீட்டுல எனக்கு இருக்கத் தெரியாது. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் கோட்டைத் தள்ளிப் போட்டேன்."

இந்தத் தடவை அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. எட்டி அவர் கையிலிருந்த ஒரு பீன்ஸ் நாரைத் தட்டிவிட்டாள்.

"இதை அன்னிக்கே என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமேங்க."

சர்வேயருக்கு எங்கோ ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. "சொல்லியிருந்தா போயிருக்க மாட்டியா?"

"போயிருப்பேன். சமையலுக்கு ஒரு ஆளைப் பார்த்து வெச்சுட்டுப் போயிருப்பேன்."