அக்கா சீவியெறிந்த எக்ஸ் கியூப்

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் பிடிவாதத்துக்குப் பரிசு வைத்திருந்தால், அத்தனையையும் 'இன்னொரு டெர்ம்' அக்காவே பேரணாம்பட்டு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார். பக்கத்து மிஷினில் தைத்துக்கொண்டிருந்த எனக்கே அவருடைய சொந்தப் பெயர் மறந்துவிட்டது.

தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது அக்காவின் வேலை. சீவியதெல்லாம் குப்பைக்குப் போகும். அதே கையோடு போய் பி.எஸ்ஸி. கணக்கில் விட்டுப்போன பேப்பரை எழுதினார். x-லிருந்து சைன் x-ஐக் கழித்து, x கியூபால் வகுத்தால், x பூஜ்யத்தை நெருங்கும்போது லிமிட் என்ன என்று கேள்வி. சைன் x-இன் டெய்லர் விரிவு x − x³/6 என்று தொடங்கி, டெர்ம் டெர்மாக நீண்டுகொண்டே போகும். அக்கா முதல் x-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சீவிவிட்டார். மேலே பூஜ்யம், விடையும் பூஜ்யம், அந்த மார்க் குறைந்து பேப்பரும் போச்சு.

"மேல இருக்கறது சின்னதுன்னு தூக்கிப் போட்டேன். கீழ இருக்கறதும் அதே அளவு சின்னதுன்னு பாக்கலமா" என்றார். அந்த ஒரு துண்டை விட்டுவைத்திருந்தால் ஆறில் ஒன்று என்று சரியான விடை வந்திருக்கும்.

அடுத்த பரீட்சைதான் கடைசி வாய்ப்பு, தவறினால் டிகிரி கிடையாது. அன்றிலிருந்து டீக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டால்கூட இன்னொரு டெர்ம் போடச் சொன்னார். மேலும் கீழும் வகையிட்டால் சுலபமாமே என்று யாரிடமோ கேட்டு வந்து சொன்னேன். வழுக்கின இடத்திலேயே ஏறிக் காட்டுவேன் என்று முறைத்தார்.

தோலில் குறி போடும் வெள்ளிப் பேனாவால் கழிவுத் துண்டுகளில் எழுதிப் பழகினார். ஒரு துண்டு எப்படியோ உள்தோலாகப் போய்ச் சேர்ந்து, பளபளக்கும் ஷூவுக்குள் x³/6 உட்கார்ந்திருந்தது. ஷூவைச் சரிபார்க்கிற இன்ஸ்பெக்டர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா இது?"

"அத விட்டா லிமிட் தப்பாப் போயிடும் சார்."

அன்று முழுக்க வேலை கிடையாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். படிக்க நேரம் கிடைத்ததென்று அக்கா சந்தோஷமாகப் போனார்.

பரீட்சையிலும் விடவில்லை. x⁴ வரை போதும் என்ற கணக்கை, பயத்தில் x⁶ வரை இழுத்துவிட்டு, கடைசிக் கேள்விக்கு நேரமில்லாமல் வெளியே வந்தார். ரிசல்ட் வரும்வரை எனக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை.

போன மாதம் வந்தது. "பாஸ்மா" என்று போனை என் முன்னால் நீட்டிவிட்டு, அக்கா சீவுகிற வேலைக்குத் திரும்பிவிட்டார். நான்தான் மிஷினை நிறுத்திவிட்டு விக்கி விக்கி அழுதேன். என் சொந்தத் தங்கை பாஸானபோதுகூட நான் அப்படி அழவில்லை.