புலிக்குள் சம்பந்தி

முதுகு ஜிப் பாதி வழியில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"மூச்சை இழுத்துப் பிடிங்க," என்றாள் மனைவி.

"பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்," என்று புலிக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவர் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் குமாஸ்தா. போட்டி நாட்களில் மட்டும் புலி. பல்கலைக்கழகத்தின் சின்னம் அது. மைதான ஓரத்தில் உறுமி, குட்டிக்கரணம் போட்டு, கூட்டத்தைக் கத்த வைக்கிற வேலை. சலவைக்குப் போய் வந்த உடை சுருங்கியிருக்கிறதா என்று வீட்டில் போட்டுப் பார்த்தது வினையாகிவிட்டது. தலையும் உடம்பும் ஒரே தையல். ஜிப் இறங்கினால்தான் ஆள் வெளியே வர முடியும்.

மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் பெற்றோர் அன்றுதான் முதல் தடவையாக வருகிறார்கள். பையனின் அப்பா எதிரிப் பல்கலைக்கழகத்தில் நிதி அதிகாரி. கரடிச் சின்னம் போட்ட டை இல்லாமல் வாசல்படி தாண்ட மாட்டாராம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லையாம்.

"அப்பா, புலி கிலின்னு வாயைத் திறந்துடாதீங்க," என்று மகள் காலையிலேயே கெஞ்சியிருந்தாள்.

மனைவி எண்ணெய் விட்டாள். ஜிப்புக்குப் பதிலாக அவள் விரல்தான் வழுக்கியது. குறட்டால் இழுத்தாள். ஜிப்பின் பிடி கையோடு வந்துவிட்டது.

"கத்தரிக்கோல் எடு."

"வெட்டிட்டு நாளைக்கு ஆபீஸ்ல என்ன சொல்லுவீங்க?"

அழைப்பு மணி அடித்தது. புலி படுக்கையறைக்கு ஓடியது. தலை கதவுக்குள் நுழையவில்லை.

"சோபாவுல உட்காருங்க. அசையாதீங்க. நீங்க பொம்மை," என்றாள் மனைவி.

சம்பந்தி டையோடு வந்தார். பின்னால் சம்பந்தியம்மா, அதிகம் பேசாத மனுஷி.

"வீட்டுக்காரர் இல்லையா?"

"அவசரமா வெளியூர் போயிட்டார்."

புலியின் இடுப்பில் கைபேசி பாடியது.

"பாட்டுப் பாடுற பொம்மை," என்றாள் மனைவி.

"பேட்டரி போட்டது," என்றாள் மகள்.

சம்பந்தி புலியைச் சுற்றிப் பார்த்தார். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வயிற்றில் ஒரு குத்துக் குத்திப் பார்த்தார்.

"பஞ்சை ரொம்ப அடைச்சுட்டாங்க."

புலி மூச்சுவிடவில்லை.

"இது எந்த வருஷமும் எங்க கரடிகிட்ட ஜெயிச்சதில்ல, தெரியுமா?"

போன வருஷக் கோப்பை யாருடையது என்ற கேள்வி புலியின் தொண்டைவரை வந்தது. எதிரே மகள் கண்ணாலேயே கெஞ்சினாள். விழுங்கிக்கொண்டார்.

டீ வந்தது. சம்பந்தி ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையைப் புலியின் தொடைமேல் வைத்தார். சூடு துணியைத் தாண்டி இறங்கியது. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்று குறுகுறுத்தது. புலி எவ்வளவோ அடக்கிப் பார்த்தது.

தும்மிவிட்டது.

கோப்பை கவிழ்ந்து, டீ முழுவதும் கரடி டைமேல் கொட்டியது.

"பொம்மைக்குச் சளி பிடிச்சிருக்கு போல," என்றார் சம்பந்தி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் கைவிட்டுப் போயிற்று என்று முடிவு கட்டி, துணி எடுக்கும் சாக்கில் மனைவி சமையலறைக்குள் போய் நின்றாள். பின்னாலேயே வந்த சம்பந்தியம்மா அவள் தோளைத் தொட்டு, கூடத்துக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"ஜிப்புல மெழுகுவத்தியைத் தேய்ச்சு இழுங்க சம்பந்தி. எங்க வீட்டுக் கரடியை நான் அப்படித்தான் வெளியே எடுப்பேன்."