மறைத்த பெயரை வாசிக்கும் போன்

இரணியல்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி ரெஜினுக்கு அக்கா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கு யாவரும் சுகம். துபாயில் நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு விஷயத்துக்கு முழுக் காரணமும் தெரிந்த பிறகும் அதைக் கண்டால் ஏன் உடம்பு சிலிர்க்கிறது? பௌதிகம் படித்த எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

சபைக்கு நீ செய்து தந்த இணையதளத்தில் ஜெப விண்ணப்பம் அனுப்புகிறவர்கள் 'பெயர் வேண்டாம்' என்பதைத் தொட்டால் 'ஒரு சகோதரி', 'ஒரு சகோதரர்' என்றுதான் வரும். எல்லார் போனிலும் அப்படித்தான் வருகிறது, ராஜபாய் அக்காவின் போனைத் தவிர. அது இறந்துபோன அவர் கணவர் செல்வதாஸ் அண்ணன் வைத்திருந்த பழைய போன். சனிக்கிழமை வீட்டு ஜெபத்தில் விண்ணப்பங்களை வாசிப்பது அக்காதான்; முன்கூட்டிப் பார்ப்பது கிடையாது, கூட்டத்தில்தான் திறப்பார். போன வாரம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஞானசிங், மூலவியாதி சுகப்பட" என்று வாசித்தார். ஞானசிங் அண்ணன் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்துவிட்டார். அடுத்து, "ஆன்ஸ்லின் டீச்சர், பக்கத்து வீட்டு நாயின் தொல்லை தீர." அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் கூட்டத்தில் இருந்தார். நாய் மறுநாள் செத்தது. அது வேறு விஷயம் என்றே இப்போதும் சொல்கிறேன்.

"ஏட்டி ராஜபாய், பேரு ஒனக்கு யாரு சொன்னா?" என்றார் ஞானசிங் அண்ணன்.

"அவருதான். பேரு வந்து நிக்கும், பெறவு அழிஞ்சு போவும். பண்டே அவரு ஒரு வார்த்தைக்கு மேல பேசமாட்டாருல்லா."

"செத்தும் ஊர் வம்ப விடல்லியா அவன்?"

நான் அந்தப் போனை வாங்கி மறுபடி திறந்து பார்த்தேன். பெயர் வந்தது, நின்றது, யாரோ விரலால் துடைத்ததுபோல அழிந்தது. வீட்டுக்கு வந்து ஆராய்ந்தேன். வேலை உன்னுடையது, செல்வதாஸ் அண்ணனுடையது அல்ல. பெயரை சர்வரிலேயே நிறுத்தாமல் எல்லார் போனுக்கும் அனுப்பிவிட்டு, அங்கே போய் மறைத்துக்கொள் என்று ஒரு ஸ்கிரிப்டையும் கூடவே அனுப்பியிருக்கிறாய். புதுப் போன் சட்டென்று மறைத்துவிடுகிறது. பழசு மூச்சு வாங்குகிறது, அதற்குள் அக்கா வாசித்துவிடுகிறார். சர்வர் செய்ய வேண்டியதை சர்வரில் செய், போன் செய்ய வேண்டியதைப் போனில் விடு. நீ கதவைத் திறந்துவைத்துவிட்டு வருகிறவர்களின் கண்ணைப் பொத்துகிறாய்.

அவசரம் என்னவென்றால், யேசுதாசன் மகள் அஜிஷாவின் கல்யாணத்துக்கு, சபையில் மூன்று ஞாயிறு வாசிக்கிற விவாக அறிவிப்பில் இரண்டு வாசித்தாயிற்று, பாக்கி ஒன்றுதான். நேற்று வந்து நின்றாள்.

"மாமி, கல்யாணம் நிக்கணும்னு ஜெபத்துக்குப் போட்டிருக்கேன். அப்பாக்கு தெரிஞ்சா என்னக் கொன்னுருவாரு. பேரு வராதுல்லா?"

"வராது மக்கா" என்று, ஆராய்ந்தவளாகிய நானே, வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். நாளை கூட்டம் அவள் வீட்டில். உடனே திருத்து.

கர்த்தர் உன்னையும் பிள்ளைகளையும் நீ எழுதுகிற நிரல்களையும் காப்பாராக.

அன்புள்ள அக்கா,
கிரேசி

பி.கு. சனிக்கிழமை. இதை அனுப்புமுன் போனில் பேசிவிட்டோம், நீயும் காலையிலேயே திருத்திவிட்டாய். சர்வரிலிருந்து வருவதைப் பிரித்துப் பார்த்தேன், பெயர் இல்லை. கூட்டத்தில் ராஜபாய் அக்காவை ஒட்டி உட்கார்ந்தேன். திரையில் 'ஒரு சகோதரி' என்று வந்தது, அப்படியே நின்றது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே, "அஜிஷா, கல்யாணம் நிக்க" என்று வாசித்தார். யேசுதாசன் எழுந்தார். அஜிஷாவும் எழுந்து, "ஆமாப்பா, நான்தான்" என்றாள். அவர் மகளைப் பார்க்கவில்லை, அக்காவின் கையிலிருந்த செல்வதாஸ் அண்ணனின் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய், நாளை அறிவிப்பு வாசிக்க வேண்டாம் என்று ஆயருக்கு போன் செய்தார்.