பிரேம் போட்ட ரிங் லீடர்

கார் சங்கராபுரத்தை நெருங்கும்போதுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் பார்க்கணும் என்று தீனதயாளனுக்குப் புத்தி போனது. பதினெட்டு வருஷம் தூங்கின புத்தி, பொண்ணு பார்க்கப் போகிற நேரத்தில்தானா முழிக்கணும்!

செல்போன் சொன்னது: "ரிங் லீடர்: கலகத்துக்கும் சேட்டைக்கும் கூட்டம் சேர்த்து முன்னால் போகிறவன்."

திரும்பப் படித்தான். மாறவே இல்லை.

பக்கத்தில் அப்பா அம்மாசி. அவர் மடியில், துண்டில் சுற்றிய, பிரேம் போட்ட சான்றிதழ். தீனதயாளன் கரியாலூர் மலை ஆஸ்டலில் படித்தபோது, அங்கே பசங்க ஆஸ்டல், பொண்ணுங்க ஆஸ்டல் ரெண்டுக்கும் வார்டனாக இருந்தவர் கொடுத்தது. பழைய இங்கிலீஷ் புத்தகமாகப் படித்துப் படித்து, பழைய இங்கிலீஷிலேயே திட்டுகிற மனுஷன் அவர். "தீனதயாளன், இந்த ஆஸ்டலின் ரிங் லீடர்" என்று சாய்வெழுத்தில் அழகாக எழுதியிருந்தார். லீடர் எல்லாருக்கும் புரிந்தது. ரிங் ஏதோ பெரிய பதவி என்று நினைத்துக்கொண்டார்கள். எலவனாசூர்கோட்டையில் அன்றைக்குத் தெருவுக்கே லட்டு.

எதற்குக் கொடுத்தார் என்று இப்போதுதான் விளங்கியது. பனி இறங்கியிருந்த ஒரு காலை, வகுப்புக்கு மட்டம் போட்டு அருவி பார்க்க நாற்பது பசங்க ஒருத்தன் தோளை ஒருத்தன் பிடித்துக்கொண்டு நடக்க, முன்னால் இவன். அருவிச் சத்தம் மட்டும் கேட்டது. மரமெல்லாம் மிதந்தது. கீழே, காலி வகுப்பில், தணிக்கைக்கு வந்த அதிகாரியும் வார்டனும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையனைக்கூடத் தொலைக்காமல் கூட்டி வந்ததற்குப் பாராட்டு என்றுதான் இத்தனை நாளும் இருந்தான், பாவம்.

"அப்பா, அது காருலயே இருக்கட்டும்."

"இன்னாடா பேசற? வாட்ஸாப்புல இதப் பாத்துட்டு, அந்தப் பொண்ணே வரச்சொல்லுச்சாம்!"

"அர்த்தம் வேறப்பா. சேட்டக்காரப் பசங்களுக்குத் தலைவன்."

அம்மாசி யோசித்தார். "தலைவன்தானே? வுடு."

தீனதயாளனுக்கு வயசு முப்பத்தாறு. பதினோரு இடம் தட்டிப்போனது. இந்தப் பொண்ணு செந்தமிழ்ச்செல்வியின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து தண்ணி பாய்ச்சப் போனால் அடுத்தவன் கொல்லைக்குப் பாய்ச்சிவிட்டு வருகிறான். இதுவும் போனால் அவ்வளவுதான்.

பொண்ணு வூட்டில் பாயில் உட்கார்ந்ததும், எதிர்ச் சுவரைப் பார்த்தான். வெறும் ஆணி ஒன்று. அதன் கீழே மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாக, சதுரமாக. அந்தச் சதுரத்துக்குள் பனி இறங்குவது போல இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள!" என்றார் பொண்ணின் அப்பா வீரமுத்து, பிரேமைக் கையில் வாங்கி. "எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஏதோ ரிங் லீடராமே, அப்டின்னா இன்னாங்க?"

செல்போன் கடைசியில் இன்னொன்றும் சொல்லியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டான்.

"பழைய இங்கிலீஷுங்க. அந்தக் காலத்துல வட்டமா கைகோத்து ஆடுவாங்க. முன்னால நின்னு ஆட்டத்த நடத்தறவருக்கு அந்தப் பேருங்க."

"ஆட்டமா?"

"கும்மி மாதிரின்னு வெச்சுக்குங்க," என்றார் அம்மாசி.

"ஆம்பளைக்குக் கும்மியா?"

"மோதிரங்கூட ரிங்குதானுங்க!" அம்மாசி அவசரமாகத் திருப்பினார். "பொண்ணுக்கு எம்மவன் ஒரு பவுன்ல போட்டுடுவான்."

ஒரு பவுனா! தீனதயாளன் மனசுக்குள் காசு எண்ணினான். மரவள்ளி இன்னும் பிடுங்கவே இல்லை.

"மோதிரம் கெடக்கட்டும். ரெண்டு அடி ஆடுங்க மாப்ள, பாப்பம்," என்றார் வீரமுத்து. அந்த மனுஷனுக்குக் கும்மி பிடித்துப்போயிற்று.

வேறு வழி? அம்மாசி கை தட்ட, தீனதயாளன் குனிந்து நிமிர்ந்து வட்டம் போட்டான். வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணை மூடிக்கொண்டதும் மலைப்பனி வந்துவிட்டது. பின்னால் நாற்பது பேர் வருவதாகவே தோன்றியது. மூன்றாவது சுற்றில் முழங்கை வீரமுத்துவின் கையில் பட்டது.

சிலீர்!

கண்ணாடி நொறுங்கி, காகிதம் மட்டும் தனியே விழுந்தது. அதன் அடிப்பாகம் மெதுவாக விரிந்தது. பிரேம் போட்டவன் அளவுக்காக உள்ளே மடித்துவிட்டிருந்த ஓரம். அதில் இங்கிலீஷில் இன்னொரு வரி.

"அட, இன்னும் இருக்கே! செல்வி, வந்து இதப் படி."

காபித் தட்டோடு அவள் வந்தாள். போட்டோவைவிட நன்றாக இருந்தாள். அது வேறு வயிற்றெரிச்சல். தட்டை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தாள். பக்கத்தில் நின்ற தீனதயாளனுக்கு, அன்றைக்குப் புரியாத இங்கிலீஷ் இப்போது புரிந்தது: "எல்லா அக்கிரமத்துக்கும் இவனே மூலம்."

பன்னிரண்டாவது இடமும் போச்சு.

அவள் உதட்டைக் கடித்தாள். அவனை ஒரு தடவை பார்த்தாள்.

"எல்லா நல்ல காரியத்துக்கும் இவர்தான் முன்னால நிப்பாருன்னு போட்டிருக்குப்பா."

வீரமுத்து பூரித்துப்போனார். அம்மாசி துண்டால் கண்ணைத் துடைத்தார். தீனதயாளனுக்கு ஒன்றும் புரியவில்லை. இவளுக்கு இங்கிலீஷ் தெரியாதா, கண் தெரியாதா?

கண்ணாடித் துண்டுகளைப் பெருக்க விளக்குமாறோடு வந்தாள் பொண்ணின் சின்னம்மா பாப்பாத்தி. காகிதத்தை உற்றுப் பார்த்தாள். எதிர்ச் சுவரின் வெறும் ஆணியையும் பார்த்தாள்.

"ஏன்டி செல்வி, நீ கரியாலூர் பொம்பளப் புள்ளைங்க ஆஸ்டல்ல வாங்கியாந்த சர்டிபிகேட்டு இம்மாம் வருசமா இங்க தொங்கிக்கினு இருந்துச்சே, காலைல கழட்டி அரிசி டிரம்முல ஒளிச்சியே, அதுலயும் இதே வார்டன் இதே ரெண்டு வரிதானே எழுதியிருந்தாரு?"