வெந்நீர் பாட்டிலை வைத்தது நான்தான்

காகித ஆலைக் குடியிருப்பு,
மூன்றாம் கட்டடம், ஐந்தாவது மாடி.
17 ஏப்ரல் 2019, புதன்கிழமை.

மாகாண சமூகநலத் துறையில் பிரிவுத் தலைவராக வீற்றிருப்பவனும், நான் இடுப்பில் சுமந்து வளர்த்தவனுமாகிய என் தம்பி பெங் கோஹுவாவுக்கு அக்கா யூலியன் எழுதிக்கொண்டது.

முழங்காலைத் தவிர நான் முழு நலம். உன் நலத்தை விசாரிக்க வேண்டியதில்லை. நேற்று போனில் நீ போட்ட சத்தத்திலேயே உன் நுரையீரலுக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். உன் மனைவி சூயிங்குக்கு ரத்த அழுத்தம் குறைந்ததா? ஊறவைத்த மிளகாயைக் குறைக்கச் சொல். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் பதிலுக்குக் கத்துவேன், கீழ்வீட்டுக்காரி துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பாள். ஆகையால் காகிதம். காகிதத்தில் நீ குறுக்கே பேச வழியில்லை.

நீ எழுதி அனுப்பிய வாக்குமூலத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான்கு தரம் படித்தேன். 'வயது முதிர்வால் நினைவு தடுமாறியும், விருந்தில் மது அருந்திய நிலையிலும், திங்கட்கிழமையன்று நான் கூறியவை யாவும் உண்மைக்குப் புறம்பானவை. குழந்தையின் காலில் இருப்பது பிறவி மச்சமே.' அருமையான நடை. உன்னைப் படிக்க வைத்தது வீண்போகவில்லை. இதை நான் என் கையால் பார்த்து எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் வைத்து, வெள்ளிக்கிழமைக்குள் குழந்தைகள் இல்லத்து இயக்குநர் தெங்கிடம் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை அந்தப் பெண் விமானம் ஏறுவதற்கு முன் அவர் அதை அவளுக்கு வாசித்துக் காட்டுவார். அப்படித்தானே? மாட்டேன். இந்த வெள்ளிக்கிழமையும் மாட்டேன், அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் மாட்டேன். நடந்ததை நீ தெங்கின் வாயால்தான் கேட்டிருக்கிறாய். இனி என் வாயால் கேள்.

ஹாலந்திலிருந்து ஐந்து குடும்பங்கள், ஐந்து பெண்கள். எல்லாம் பதினைந்து, பதினாறு வயது. நம் ஊர்க் குழந்தைகள் இல்லத்திலிருந்து தத்துப் போனவர்கள். பிறந்த ஊரைப் பார்க்கட்டும் என்று வளர்த்தவர்களே அழைத்து வந்திருந்தார்கள். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி ஒன்பது மணிக்கே வந்து இறங்கிவிட்டார்கள், மேளக்காரர்கள் எதிர்க்கடையில் அரிசி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவர் மட்டும் வாயில் நூடுல்ஸ் தொங்க ஓடிவந்து ஜால்ராவைத் தட்டினார். என்னையும் சேர்த்து ஓய்வுபெற்ற ஆயாக்கள் நான்கு பேரை வரவழைத்து, சிவப்புச் சட்டை மாட்டி, ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருந்தார் தெங். யார் எந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. என் சீட்டில், 'லோட்டே. நீலப் பை.' நீலப் பையைக் கண்டதும் நான் பாய்ந்து கட்டிக்கொண்டு, "என் கண்ணே, எப்படி வளர்ந்துட்டே!" என்று ஓவென்று அழுதேன். நன்றாகவே அழுதேன், கேமராக்காரரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கட்டிக்கொண்டது மொழிபெயர்க்க வந்திருந்த லூவை. "ஆயாம்மா, நான் பக்கத்து ஊரு. எங்கம்மா வீட்லதான் இருக்காங்க" என்று அவள் என் காதில் சொன்னாள். "இருக்கட்டும்டி, அசையாதே, படம் எடுக்கறாங்க" என்றேன்.

அடுத்தது வாசல். ஐந்து பேரின் கோப்பிலும் 'இல்லத்தின் வாசலில் கண்டெடுக்கப்பட்டது' என்றுதான் இருக்கிறது. அந்தக் காலத்துக் குமாஸ்தாவுக்கு வேறு இடம் எழுதச் சோம்பல். முறை வைத்து ஒவ்வொருத்தியையும் பளிங்குப் படியில் நிறுத்திப் படம் எடுத்தார்கள், தாய்மார்கள் அழுதார்கள். லோட்டேயின் அப்பா ஹென்க், நம் வீட்டு அலமாரி உயரம், குனிந்து படியைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்த வாசல் எந்த வருஷம் கட்டியது என்று கேட்டார். 2011 என்று சுவரில் கல்லே பதித்திருக்கிறது. தெங் போய் அதன் முன்னால் நின்றுகொண்டார். ஹென்க் இடப்பக்கம் எட்டிப் பார்த்தால் தெங்கும் இடப்பக்கம், வலப்பக்கம் எட்டிப் பார்த்தால் இவரும் வலப்பக்கம். கால் மணி நேரம் இரண்டு பெரிய மனிதர்கள் நடனம் ஆடினார்கள். லோட்டே மட்டும் படியில் ஏற மறுத்துவிட்டாள். "இது நான் கெடந்த எடம் இல்லைன்னு சொல்றா ஆயாம்மா" என்று லூ முணுமுணுத்தாள். எனக்கு அப்போதே அந்தப் பெண்ணைப் பிடித்துப் போயிற்று.

மதிய விருந்தில் என்னை அவள் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஏப்ரல் குளிரில் அரைக்கால் சட்டை போட்டிருந்தாள். சிந்திய சூப்பைத் துடைக்கக் குனிந்தேன். இடது கெண்டைக்காலில், உள்ளங்கை அகலத்துக்கு, தோல் சுருங்கிப் பளபளத்தது. கோஹுவா, அந்த ஐந்து பேரில் முகத்தை வைத்து எனக்கு ஒருத்தியையும் தெரியவில்லை. இருநூறு குழந்தைகளுக்குக் கஞ்சி ஊட்டியவளுக்கு முகம் எங்கே நினைவிருக்கும்? ஆனால் அந்தக் காலைத் தெரிந்தது. இரண்டாம் அறை, ஜன்னலோரக் கட்டில். சியாவ்ஷுவாங் என்று நான்தான் பெயர் வைத்தேன். பதினொரு மாதம் என் தோளில் தூங்கினாள், அவளை விமானத்துக்கு அனுப்பிய பிறகு ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் சீட்டைப் பார்த்து அவ்வளவு அழுத எனக்கு, அவளே பக்கத்தில் இருக்கும்போது ஒரு சொட்டு வரவில்லை.

அவள் அம்மா மாரிட், நல்ல பெண்பிள்ளை, அந்தத் தழும்பு என்ன என்று தெங்கிடம் கேட்டாள். பிறவி மச்சம், அதிர்ஷ்டம் என்று சொல்லித் தெங் கோப்பையைத் தூக்கினார். எங்கள் ஊர் டாக்டர் இது தீப்புண் என்கிறாரே என்றாள் அவள். தெங் மறுபடியும் கோப்பையைத் தூக்கினார். பதில் சொல்ல விருப்பமில்லாத போதெல்லாம் அவர் கோப்பையைத் தூக்குவார், பாவம் ஹென்க் மரியாதைக்காக ஒவ்வொன்றையும் குடித்துக் குடித்து, மீன் வருவதற்குள் முகம் வெந்த இறால் நிறத்துக்கு வந்துவிட்டது. அப்போது லோட்டே குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு என்னவோ சொன்னாள். இரண்டு மூன்று வாக்கியம்தான். மாரிட்டின் முகம் வெளுத்துவிட்டது. "மச்சத்தைப் பத்தித் தெரிஞ்சுக்க ஆர்வமா இருக்காங்க" என்று லூ சபைக்குச் சொன்னாள்.

"முழுங்கினதைக் கக்குடி" என்றேன்.

லூ தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "'எங்கம்மா என்னைச் சுட்டுட்டுத்தான் தூக்கிப் போட்டாளா'ன்னு கேக்கறா ஆயாம்மா. எட்டு வயசுலேருந்து இதையே நெனச்சுக்கிட்டிருக்காளாம். இதக் கேக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தாளாம்."

தெங் இன்னொரு தரம் கோப்பையைத் தூக்கினார். நான் அவர் கையைப் பிடித்து மேசையில் இறக்கி வைத்தேன். ஆமாம், மது சிந்தியது, அவர் பேண்ட்டில்தான் சிந்தியது. எழுந்து நின்றேன். "லூ, ஒரு வார்த்தை விடாம சொல்லு. பாப்பா, நீ வந்த அன்னிக்கு உன்னைக் குளிப்பாட்டினது நான். உன் ஒடம்புல ஒரு கீறல் இல்ல. ரெண்டு பஞ்சுச் சட்டை, ஒண்ணு மேல ஒண்ணு. கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டு அனுப்பியிருந்தா உன்னைப் பெத்தவ. ஒவ்வொரு பொத்தானும் புதுசாத் தெச்சது. அவ உன்னைச் சுடல. சுட்டது நான்."

பிறகு விவரமும் சொன்னேன். அந்தப் பனிக்காலத்தில் முகம் கழுவும் தொட்டியில் தண்ணீர் உறைந்து கிடந்ததையும், அறையைச் சூடாக்க எங்களிடம் ஒன்றும் இல்லாததையும், ஆஸ்பத்திரியில் தூக்கிப் போட்ட கண்ணாடி குளுகோஸ் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, ரப்பர் மூடியை அழுத்தி, பழைய காலுறை சுற்றிக் குழந்தைகளின் போர்வைக்குள் வைப்போம் என்பதையும், இரண்டு காலுறை சுற்ற வேண்டிய இடத்தில் ஒன்றுதான் சுற்றியிருந்தது, அவள் உதைத்ததில் அதுவும் கழன்றது என்பதையும், எல்லாவற்றையும் சொன்னேன். மற்ற மூன்று ஆயாக்களும் கிண்ணத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

"நான் அழலையா?" என்று கேட்டாள் லோட்டே.

"அழுதிருப்பே. பதினாலு பேர் அழுதுக்கிட்டிருப்பீங்க. பாத்துக்க ரெண்டே ரெண்டு பேர்."

எழுந்து வெளியே போய்விட்டாள். மாரிட் பின்னாலேயே ஓடினாள். மேசையில் ஒருத்தரும் மீனைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் லோட்டே திரும்பி வந்து என் முன்னால் நின்று, அவள் மொழியில் என்னைத் திட்டினாள் பார், அடேயப்பா! லூ முதல் இரண்டு வாக்கியத்தை மொழிபெயர்த்துவிட்டு, "மிச்சமும் இதே மாதிரிதான் ஆயாம்மா" என்று நிறுத்திக்கொண்டாள். என் ஆயுளில் யாரும் என்னை அவ்வளவு திருப்தியாகத் திட்டியதில்லை, உன் மாமியாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். திட்டி முடித்ததும் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சோறு தின்றாள். மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மாரிட் பிறகு சொன்னாள். பேருந்தில் ஏறும்போது லோட்டே திரும்பி, "பொத்தான் புதுசா? நெஜமாவா?" என்று கேட்டாள். "நெஜமா. செவப்பு நூல்ல தெச்சிருந்தது" என்றேன். கை அசைக்கவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. பேருந்து போன பிறகு நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தேன், கேமராக்காரர் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார்.

இனி உன் வாதங்களுக்கு வருகிறேன். நினைவு தடுமாற்றம் என்கிறாய். எனக்கா? ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் எந்தப் பெஞ்சில் நீ மூத்திரம் போனாய் என்பது வரைக்கும் சொல்வேன், வேண்டுமானால் உன் அலுவலகத்துக்கே வந்து சொல்கிறேன். மது என்கிறாய். ஒரு சொட்டு குடிக்கவில்லை, எல்லாவற்றையும் ஹென்க் குடித்துவிட்டார். இல்லத்துக்கு மானக்கேடு என்கிறாய். நான் செய்தேன் என்றுதானே சொன்னேன், இல்லம் செய்தது என்றா சொன்னேன்? இனி என்னை வாசலுக்குள் விடமாட்டேன் என்று தெங் சொல்கிறாராம். தாராளமாக; நான் வேலை பார்த்தது அந்த வாசல் கட்டுவதற்கு முன்னால். கடைசியாக, உனக்கு வரவேண்டிய துணை இயக்குநர் நாற்காலி என்னால் போய்விடும் என்று அழுதாய். நாற்காலிதான் வேண்டும் என்றால் இங்கே ஒன்று இருக்கிறது, ஒரு கால் ஆடும், எடுத்துக்கொண்டு போ. ஆனால் அந்தத் தாளை என்னிடம் கேட்காதே. அதை வாசித்துக் காட்டினால், கையில் நெருப்போடு நிற்கிற ஒரு தாயைத்தான் அந்தப் பெண் மறுபடியும் ஹாலந்துக்குக் கொண்டுபோவாள். பெற்றவள் இந்தப் பக்கத்தில் எங்கேயோ, சந்தையில் என் பக்கத்தில் நின்றுகூடக் கீரை வாங்கிக்கொண்டிருப்பாள். விட்டுவிட்டுப் போனது அவள் பாடு, அதற்கு அவள் பதில் சொல்லட்டும். செய்யாததை அவள் தலையில் கட்ட நான் உயிரோடு இருக்கும்வரை விடமாட்டேன்.

சூயிங்குக்கு என் அன்பு. உன் பையனுக்குப் பரீட்சை நல்லபடியாக முடியட்டும். உன் வீட்டு அரிசிப் பானை நிறைந்தே இருக்கட்டும், உன் தலைமயிர் இருக்கிற மட்டுமாவது நிற்கட்டும், முடிந்தால் உனக்குக் கொஞ்சம் முதுகெலும்பும் முளைக்கட்டும்.

சொன்னதில் ஒரு வார்த்தையையும் மாற்றிக்கொள்ளாத,
உன் அக்கா
பெங் யூலியன்

பின்குறிப்பு: படித்ததும் இதைக் கிழித்துப் போடு. அது நடந்த அன்றைக்கு நான் இல்லத்திலேயே இல்லை. அந்தப் பன்னிரண்டாம் மாதம் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நான்சாங்குக்கு உன் கல்யாணத்துக்கு வந்திருந்தேன். திரும்பிப் போனபோது குழந்தையின் காலில் கட்டுப் போட்டிருந்தது. ஒரே காலுறைதான் சுற்றியிருந்தது, அதுவும் கழன்றுவிட்டது என்றார்கள்; பாட்டிலை யார் வைத்தது என்று கேட்டேன். அதற்கு எல்லோரும் அழுதார்கள், பெயர் மட்டும் வரவில்லை. நான் இருந்திருந்தால் இரண்டு காலுறை சுற்றியிருப்பேன், ஆகவே முழுப் பொய்யும் இல்லை. குளிப்பாட்டியதும், கீறல் இல்லாததும், பொத்தானும் சத்தியம். ஆனால் கேள்விப்பட்டேன் என்று சொன்னால் கிழவியின் உளறல் என்று தள்ளிவிடுவார்கள். நான்தான் செய்தேன் என்பவளிடம் யார் வழக்காட முடியும்? உன் வரவேற்பறைச் சுவரில் அந்தக் கல்யாணப் படம் தேதியோடு தொங்குகிறது, முன்வரிசையில் நான் வாத்துத் தொடையும் கையுமாக நிற்கிறேன். இன்றைக்கே கழற்றிப் பெட்டிக்குள் போடு. யாராவது கேட்டால், அக்கா கோபித்துக்கொண்டு என் கல்யாணத்துக்கே வரவில்லை என்று சொல். எல்லோரும் நம்புவார்கள்.