செவலைக்கு மனிதப் பிறவி

பங்குனித் தேருக்குப் பெண்டாட்டியை அவள் அக்கா ஊரான செட்டிகுளத்துக்கு அனுப்புவதில்லை என்று அங்கமுத்து முடிவு செய்தார். காரணம், பசு மாடு. சொன்ன காரணம், பரிணாமம்.

அரியலூரில் பிரம்மஞான சபைச் சொற்பொழிவுக்குக் கொஞ்ச நாளாகப் போய்வருகிறார் மனிதர். ஆன்மா கல்லில் தூங்கி, செடியில் புரண்டு, மிருகத்தில் கண் விழித்து, மனிதனில் எழுந்து உட்காருகிறதாம். அதற்கு மேலும் படிப்படியாக ஏற வேண்டுமாம். உயர்ந்த தத்துவம்தான், யார் இல்லை என்றது? ஆனால் எந்தத் தத்துவம் கையில் கிடைத்தாலும், இந்த ஆண்பிள்ளைகள் முதல் வேலையாக அதன்மேல் ஏறி நின்று பெண்டாட்டியைக் குனிந்து பார்க்கிறார்களே, அது ஏன்?

"இந்தா பாரு புஷ்பம், நான் ஏகப்பட்ட ஜென்மம் தாண்டின ஆத்மா. நீ இப்பத்தான் முதப் படி. தேரு, திருவிழான்னு அலைஞ்சா அங்கேயே நிக்க வேண்டியதுதான். மாட்டைப் பாரு. சேவைதான் உன்னை ஏத்தும்."

புஷ்பவல்லி சாணிக் கையைக் கழுவினாள். "அக்கா வூட்டுக்குப் போவ வேணாங்கிறீங்க."

"நான் சொல்லலை. பரிணாமம் சொல்லுது."

மல்லுக்கு நிற்பாள் என்று பார்த்தார். நிற்கவில்லை. அன்று சாயங்காலம் சபைத் தலைவர் வைத்திலிங்கம் சார் வந்தபோது காபி டம்ளரோடு வந்து நின்றாள்.

"சார், ஒரு சந்தேகங்க. எங்க செவலைப் பசு மனுசப் பொறப்பு எடுக்குமுங்களா?"

"அருமையான கேள்வி! எடுக்கும்மா. வூட்டு மிருகம் மனுசங்க காட்டுற அன்புலதான் அந்தப் படியைத் தாண்டும்."

"ஆரு காட்டினாலும் சரிங்களா?"

"முதிர்ந்த ஆத்மாவா இருந்தா ரொம்ப விசேஷம்."

"அய்யோ, நான் முதப் படிங்க சார்! இவருதான் உச்சியில இருக்காரு. இத்தனை நாளா என் கையில உட்டு அந்த வாயில்லா சீவனை வீணாக்கிட்டோமே! நாளைக்கு நான் அக்கா ஊருத் தேருக்குப் போறப்பவாச்சும் இவரே பாக்கட்டுமுங்க."

வைத்திலிங்கம் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "மேல போனவங்க கீழ இருக்கிறவங்களுக்குக் கை கொடுக்கணும், அங்கமுத்து. இனிமே நீங்களே பாத்துக்கப் போறீங்களா?"

சபையில் செயலாளர் பதவி வேறு காலியாக இருந்தது. "கரும்பு தின்னக் கூலியா சார்?" என்றார் அங்கமுத்து, வேப்பங்காய் தின்ற முகத்தோடு.

மறுநாள் விடியலில் பெரம்பலூர் பஸ்ஸுக்குக் கிளம்பியவள், கொடியில் கிடந்த தன் பழைய சேலையை அவர் தோளில் போட்டாள்.

"இது எதுக்குடி?"

"என் கைக்குப் பழகின மாடுங்க. வேட்டியைக் கண்டா உதைக்கும். இதைச் சுத்திக்கிட்டு, முக்காடு போட்டுக்கிட்டு ஒக்காருங்க."

"நான் சேலை கட்டுறதா?"

"ஆத்மாவுக்கு ஆணேது, பொண்ணேது? போயிட்டு வரேங்க."

அங்கமுத்து மானஸ்தர். வேட்டியோடுதான் போனார். ஒரே உதை. செம்பு ஒரு பக்கம், ஏகப்பட்ட ஜென்மம் தாண்டின ஆத்மா ஒரு பக்கம். எழுந்து மண்ணைத் தட்டினார். சேலையைச் சுற்றினார். முக்காடு போட்டார். செவலை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, சமர்த்தாகப் பாலைச் சுரந்தது. அவருக்கே கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதுகுக்குப் பின்னால் வைத்திலிங்கம் சாரின் குரல் கேட்டது.

"என்னம்மா புஷ்பவல்லி, நீ ஊருக்குப் போவலியா? அங்கமுத்து மாட்டை எப்படிக் கவனிக்கிறாருன்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன். எங்கம்மா அவரு?"

அங்கமுத்து முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு, கீச்சுக் குரலில் சொன்னார்:

"தேருக்குப் போயிட்டாருங்க."